ஒப்படைக்கக் கொண்டுபோன துப்பாக்கி

காலை பத்து நாற்பதுக்கு என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது, டீ எப்போது வரும் என்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடம். தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்களுக்கு அன்று பயிற்சி. ஓட்டு மெஷினை மேசைமேல் வைத்து, எந்த ஒயரை எதில் சொருக வேண்டும் என்று ஒரு அதிகாரி காட்டிக்கொண்டிருந்தார்.

மகனுடைய அழைப்பு. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாவது முறை வேறு ஏதோ நம்பர். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"டீச்சருங்களா? பறக்கும் படைலருந்து பேசுறோம். பைக்குல துப்பாக்கியோட ஒரு பையனை நிறுத்தி வச்சிருக்கோம். உங்க மகன்னு சொல்றான்."

எனக்குப் பயமே வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. "ஆமா சார், என் மகன்தான். ஸ்டேஷன்ல ஒப்படைக்கத்தான் கொண்டு போறான். லைசென்ஸ் புக்கு வச்சிருப்பான் பாருங்க" என்று, பிள்ளை வீட்டுப்பாடம் முடித்துவிட்டான் என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னேன்.

"புக்கு இருக்கு. புக்குல இருக்கிற ஆளு இவன் இல்லையே. இன்னொண்ணு கேக்கணும். இவன் மேல ஏற்கெனவே கேஸ் இருக்கா?"

"அது முடிஞ்சுபோச்சு சார்."

"முடிஞ்சதுதான் இப்ப பிரச்சினை. நேரா ஸ்டேஷனுக்கு வந்துருங்க."

வராந்தாவில் நின்று யோசித்தேன். முடிந்தது எப்படிப் பிரச்சினை ஆகும்? முடியாமல் இருந்தால்தானே பிரச்சினை?

அந்தத் துப்பாக்கி என் கணவருடையது. ஒற்றைக்குழல். மலையடிவாரத்தில் எங்களுக்கு வாழையும் மக்காச்சோளமும் இருக்கிறது. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் பாதித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவர் பெயரில் லைசென்ஸ். அவர் அதை வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார். பன்றி செத்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும், ஓடினால் போதும் என்பார்.

எங்கள் பக்கம் தேர்தல் அறிவித்தால் முதலில் நடக்கிற காரியம், லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைப்பது. ஓட்டு எண்ணி முடித்த பிறகு போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அந்த நாட்களில் சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு பைக்கில் போகிறவர்களை ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லைசென்ஸ்காரர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். தோட்டத்தை விட்டு வரமாட்டார்கள். மகனிடமோ மருமகனிடமோ கொடுத்துவிடுவார்கள். எடுத்துக்கொண்டு போவது யார் என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில், கேஸெல்லாம் வருவதற்கு முன்னால், போன இரண்டு தேர்தலுக்கும் மகன்தான் கொண்டுபோனான்.

இந்த முறை கணவர் வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தார். காலையில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா போன் செய்தார். எங்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு.

"டீச்சர், உங்க வீட்டுது மட்டும்தான் பாக்கி. இன்னைக்குள்ள வந்துரணும். இன்ஸ்பெக்டர் திட்டுறாரு."

"அவுகளுக்குக் கால்ல கட்டு ஏட்டையா. நான் டிரெய்னிங் கிளம்பிக்கிட்டு இருக்கேன்."

"தம்பி வீட்லதான இருக்கான்? அவன்கிட்டக் கொடுத்து விடுங்க. புக்கை மறந்துறாம."

அவ்வளவுதான் பேச்சு. நான் பீரோவுக்குப் பின்னால் இருந்து துப்பாக்கியை எடுத்துச் சாக்கில் சுற்றி, மகன் கையில் கொடுத்தேன். "ரசீது வாங்காம வந்துறாத" என்றேன். அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். சரி என்று தலையை ஆட்டினான்.

மகனுடைய கேஸைப் பற்றியும் சொல்லவேண்டும். வாழைத்தார் லோடு ஏற்றுகிற இடத்தில், வண்டியை யார் முதலில் நிறுத்துவது என்று தகராறு. ஜாக்கி ராடால் ஒருவர் கையில் அடித்துவிட்டான். எலும்பு முறிந்துவிட்டது. அவன் அடித்தது உண்மை. கோர்ட்டில் ஆறு மாதம் தண்டனை கொடுத்தார்கள். முழுவதும் உள்ளே இருந்துவிட்டுப் போன வருடம்தான் வெளியே வந்தான். வந்த பிறகு ரொம்ப மாறிப்போனான். லோயர் கேம்ப் வழியாகக் கேரளாவுக்கு வாழைக்காய் வண்டி ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடியும் முன்னாலேயே எழுந்து வந்துவிடுவான். ஆட்கள் பார்க்கிறார்கள் என்பான். தண்டனை முடிந்ததும் அந்தக் கதையே முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். தண்டனை என்றால் அதுதானே? கொடுத்ததை அனுபவித்தாயிற்று என்றால் கணக்குத் தீர்ந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்குக் கீழே வைத்திருந்தான். ஏற்கெனவே உள்ளே போய் வந்தவன், அவனுக்கு அது பழக்கம். எனக்குப் பயம் வந்தது அந்தச் செருப்பைப் பார்த்தபோதுதான்.

"ரசீது வாங்கிட்டு வரச் சொன்னேல்லம்மா, ஆளையே வாங்கி வச்சுக்கிட்டாக" என்றான். சிரிக்கப் பார்த்தான்.

"என்னடா சொன்ன அவுககிட்ட?"

"இருக்கிறதத்தான் சொன்னேன். ஸ்டேஷனுக்குப் போறேன்னேன். அந்தா தெரியுது பாருங்க ஸ்டேஷன், பெட்ரோல் பங்குக்கு அந்தப் பக்கம்னேன். அவுக சிரிக்கிறாக."

இன்ஸ்பெக்டர் வயதில் என்னைவிடச் சின்னவர். மரியாதையாக உட்காரச் சொன்னார். மேசைமேல் துப்பாக்கி சாக்கோடு கிடந்தது. என் சாக்குதான். கடலைப்பிண்ணாக்கு வாங்கி வந்த சாக்கு.

"டீச்சர், நான் சொல்றத நிதானமாக் கேளுங்க. அடிதடிக் கேஸ்ல தண்டனை வாங்கி உள்ள போயிட்டு வந்தவன், தண்டனை முடிஞ்சும் அஞ்சு வருசத்துக்குத் துப்பாக்கியக் கையில வச்சிருக்கக் கூடாது. லைசென்ஸ் அப்பா பேர்ல இருந்தாலும் சரி, தாத்தா பேர்ல இருந்தாலும் சரி. வச்சிருந்தா அதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. கேஸ் நின்னா ரெண்டு வருசத்துக்குக் குறையாது. அஞ்சு வரைக்கும் போகும்."

"வச்சிருக்கலையே சார். உங்ககிட்டக் கொடுக்கத்தான கொண்டு வந்தான்?"

"கொண்டு வந்தாலும் வசம் இருந்த மாதிரித்தான்."

"அவுக லெட்டர் எழுதிக் கொடுத்தா? மகன் மூலமா அனுப்புறேன்னு?"

"நீங்க கொண்டு வந்திருந்தா அந்த லெட்டர் போதும். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டு வந்திருந்தாலும் போதும். ஊர்ல யாரு கொண்டு வந்திருந்தாலும் ஒரு லெட்டரோட முடிஞ்சிருக்கும். இவன் ஒருத்தன் மட்டும் ஆகாது."

ஊரில் இத்தனை பேர் இருக்க, என் மகன் ஒருவன் கை மட்டும் ஆகாது. அதைப் புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாது என்பதல்ல, உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

"வீட்ல துப்பாக்கி எங்க இருக்கும்?"

"பீரோவுக்குப் பின்னால சார். பூட்டு உண்டு. பத்திரமா இருக்கும்."

"பூட்டுச் சாவி?"

"ஆணில மாட்டியிருக்கும்."

"அந்த ரூம்ல யாரு படுக்கிறது?"

"முன்னால நாங்க. அவுகளுக்குக் கால்ல கட்டு போட்டதும் கட்டிலை ஹாலுக்குக் கொண்டு வந்துட்டோம். இப்ப மகன்தான்..."

சொல்லிக்கொண்டு இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பெஞ்சில் இருந்து மகன் "அம்மா" என்றான் மெதுவாக. வகுப்பில் தப்பான விடை சொன்ன பிள்ளையை நான் பார்க்கிற மாதிரி அவன் என்னைப் பார்த்தான்.

அப்படியென்றால் இன்று காலை பைக்கில் ஏறியது மட்டும் குற்றம் இல்லை. அந்த அறையில் அவன் படுத்துத் தூங்கிய ஒவ்வொரு நாளும் குற்றமா? சிறையிலிருந்து வந்த அன்று அவனை வீட்டுக்குள் கூப்பிட்டதே தப்பா? துப்பாக்கியை வெளியே அனுப்பிவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டுமா? அதை யார் எங்களிடம் சொன்னார்கள்? தண்டனை சொன்ன நாள் கோர்ட்டில் எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். அப்பீல் என்றார்கள், கையெழுத்து என்றார்கள். வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறதே என்று எங்களுக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

"யாரு துப்பாக்கியை எடுத்து அவன் கையில கொடுத்தது?"

"நான்தான் சார். ஏட்டையா சொன்னாக, நான் கொடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் கீழே வைத்த பேனாவை எடுக்கவில்லை. "இப்பச் சொன்னதை நான் எழுதலை. வெளிய போயி வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க" என்றார்.

பழைய கேஸை நடத்திய வக்கீலைக் கூப்பிட்டேன். அவர் ஏதோ ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் தட்டுகள் சத்தம்.

"டீச்சர், முதல்ல வாயத் திறக்காதீக."

"திறந்துட்டேன் சார்."

"எவ்வளவு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பீரோ வரைக்கும் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"சரி. ஒண்ணு கேக்குறேன். ஏட்டு போன் பண்ணப்போ, 'இவன் கேஸ்ல இருந்தவனாச்சே, இவன் கொண்டு வரலாமா'ன்னு கேட்டீகளா?"

"கேக்கல. கேக்கணும்னே தோணல."

"அங்கதான் வம்பு. ஒருத்தர் கையில துப்பாக்கியக் கொடுக்கும்போது, அவரு வச்சிருக்கலாமான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சுக்காமக் கொடுத்தா, கொடுத்தவுக மேலயும் ஒரு பிரிவு வரும். ஆறு மாசம் வரைக்கும். உங்க வேலை வேற இருக்கு. 'நான் இல்லாதப்போ அவனா எடுத்துட்டுப் போனான்'னு சொல்லிட்டா நீங்க தப்பிச்சிருவீக."

"அவன்?"

"அவன் எப்படியும் மாட்டிக்கிட்டான்ல."

போனை வைத்துவிட்டேன். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரம் ஒன்று உண்டு. அதன் கீழே பறிமுதல் செய்த பைக்குகள் வரிசையாகத் துருப்பிடித்துக் கிடந்தன. கடைசியாக எங்கள் பைக். அது மட்டும் கழுவித் துடைத்து, முகப்பில் மாதா படத்தோடு நின்றது.

கணவர் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். எடுத்தேன்.

"டீச்சரம்மா, ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன், நான் வாரேன். துப்பாக்கி என்னோடது. உள்ள வைக்கிறதுன்னா என்னைய வைக்கட்டும்."

"மாவுக்கட்டோட உங்கள எங்கன வைப்பாக? பேசாமப் படுங்க."

"அவன் சாப்பிட்டானா?"

"இல்ல."

"நீ?"

"கட்டிலுக்குப் பக்கத்துல கஞ்சி வச்சிருக்கேன், குடிங்க" என்றேன்.

எனக்கு இருந்த ஒரே சாட்சி ஏட்டையாதான். அவர் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் வந்து அதைச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் அவர் தேனியில் ஏதோ கட்சிக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். நம்பரைப் போட்டால் மணி அடித்தது, எடுக்கவில்லை. வாசலில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் நான் போனைப் பார்ப்பதும் கையைப் பிசைவதுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தது. என் மகன் வயதுதான் இருக்கும்.

"மைக் செட்டுப் பக்கத்துல நிப்பாக டீச்சர். போன் அடிக்கிறது கேக்காது."

"காலைல அவருதான் எனக்குப் போன் போட்டாரு ஆத்தா. இங்க பாரு, ஸ்டேஷன் நம்பர் இருக்கு."

அது என் போனை வாங்கிப் பார்த்தது. "போன் வந்தது இருக்கு. என்ன பேசுனீகன்னு இதுல இல்லையே" என்றது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ சொல்லவா? எங்க டீ கோர்ட்டுத் தீர்ப்பை விட மோசமா இருக்கும், ஆனா சூடா இருக்கும்" என்றது. நான் சிரித்தேன். அந்த நேரத்தில் எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஏட்டையா வந்தால் என்ன சொல்வார் என்று யோசிக்க ஆரம்பித்ததும் அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. மகன் கேஸ் அவருக்குத் தெரியாததா? தீர்ப்பு வந்த அன்று அவனைக் கோர்ட்டிலிருந்து வேனில் ஏற்றியவரே அவர்தான். தெரிந்தும் ஏன் அவனிடம் கொடுத்துவிடச் சொன்னார்? மறந்திருப்பாரா? அவருக்கும் என்னைப் போலத் தோன்றவில்லையா? "நான்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டால் அவருக்கு மெமோ வரும், சஸ்பென்ஷனே வரலாம். ஓய்வு பெறப் போகிற மனுஷன். "நான் அப்படிச் சொல்லலை, துப்பாக்கியை ஒப்படைக்கணும்னு மட்டும்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டால் மறுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்வேன்?

மாலையில் மறுபடி உள்ளே போனேன்.

"சார், எழுதிக்கோங்க. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவனா எடுக்கல."

மகன் எழுந்து நின்றுவிட்டான். "அம்மா, சும்மா இரு. சார், அவுக அப்ப வீட்லயே இல்ல. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்."

"ஏலே, நீ உக்காரு."

"நீ போம்மா. உனக்கு வேலை போயிரும்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீகளா?" என்றார் இன்ஸ்பெக்டர். கோபம் இல்லை, சலிப்புதான். "அம்மா சொன்னா மகனுக்காகச் சொல்றாகன்னு எடுப்பாக. மகன் சொன்னா அம்மாவுக்காகச் சொல்றான்னு எடுப்பாக. ரெண்டு பேர் பேச்சும் கோர்ட்டுல நிக்காது. ஏட்டு வரட்டும். ஸ்டேஷன்ல இருந்து சொல்லித்தான் கொண்டு வந்தான்னு அவரு எழுதிக் கொடுத்தா, ஒப்படைக்க வந்தவன்னு பறக்கும் படைக்கு நான் பதில் போட்டு இவனை அனுப்பிருவேன். அவரு சொல்லலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. எஃப்ஐஆர் போட்டு மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதான். ஜீப் நிக்குது."

ஜீப் நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் பெஞ்சுக்குக் கீழே இருந்த செருப்பைக் காலால் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான், கிளம்பத் தயாராகிறவன் மாதிரி. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. வேறு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இந்தக் கையில் என்ன இருக்கிறது, மற்ற கையில் இல்லாதது? ஒரு மனிதரின் எலும்பை உடைத்த கை. அதையும் நான் மறக்கவில்லை. சட்டம் முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அவன் கையில் ராடுக்குப் பதிலாகத் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பெஞ்சில்தான் முதல்முறையாக நினைத்தேன். நினைத்ததும் அவன் கையை விட்டுவிட்டேன். விட்டேனே என்று பதறி மறுபடி பிடித்தேன். அவன் என்ன நினைத்தானோ தெரியவில்லை.

வெளியே விளக்குப் போட்டார்கள். அப்போதுதான் தேனியிலிருந்து வந்த போலீஸ் வேன் வாசலில் நின்றது. ஏட்டையா இறங்கினார். தொப்பி கக்கத்தில், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ரோட்டுத் தூசியில் மீசை வெளுத்துப் போயிருந்தது. படியேறும்போதே பெண் போலீஸ் அவர் காதில் ஏதோ சொன்னது. அவர் நின்றார். பெஞ்சில் இருந்த எங்கள் இருவரையும் பார்த்தார், மேசைமேல் கிடந்த சாக்கைப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"இவுக வீட்டுக்குக் காலைல போன் போட்டீகளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போட்டேன் சார்."

"பையன்கிட்டக் கொடுத்து விடச் சொன்னீகளா?"

"சொன்னேன் சார்."

"இவன் உள்ள போயிட்டு வந்தவன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார். நான்தான் வேன்ல ஏத்துனேன்."

"தெரிஞ்சுமா சொன்னீக?"

ஏட்டையா என் பக்கம் திரும்பவே இல்லை.

"டீச்சரும் அதத்தான் சார் கேட்டாக. 'இவன் கேஸ்ல இருந்தவனாச்சே ஏட்டையா, இவன் கொண்டு வரலாமா'ன்னு ரெண்டு தடவ கேட்டாக. ஸ்டேஷனுக்குத்தான வாரான், தாராளமா வரட்டும்னு நான்தான் சார் சொன்னேன். பேப்பரக் கொடுங்க, எழுதித் தாரேன்."